பதினேழாவது ஓட்டை

நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலியின் இடது கைப்பிடியில் ஒரு சூட்டு ஓட்டை இருக்கிறது சார். எழுந்திருக்க வேண்டாம், சும்மா சொன்னேன். உள்ளே வந்ததிலிருந்து என் கண் அங்கேயேதான் போகிறது. யாரோ விரலிடுக்கில் சிகரெட்டை வைத்துக்கொண்டே எழுதியிருக்கிறார். வலது கையில் பேனா இருந்ததால் சாம்பல் இடது பக்கம் விழுந்திருக்கிறது. ரெக்சின் உருகிச் சுருங்கி, உள்ளேயிருந்து மஞ்சள் ஃபோம் எட்டிப் பார்க்கிறது. அரை மணி நேர வேலை. என் பையை உங்கள் ஆட்கள் வாங்கி வைத்துக்கொண்டார்கள். இல்லையென்றால் பேசிக்கொண்டே முடித்துக் கொடுத்திருப்பேன்.

ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன்.

சோபா, நாற்காலி, மெத்தை, கார் சீட், எதில் நெருப்புப் பட்டு ஓட்டை விழுந்தாலும் அதை மூடுவது என் தொழில். குஷன் கடைக்குப் போனால் மொத்தத் துணியையும் மாற்றச் சொல்வார்கள். நான் மாற்றுவதில்லை. கருகிய ஓரத்தை வளைந்த கத்தரியால் நறுக்கி எடுப்பேன். அப்புறம் அதே சோபாவைக் கவிழ்த்து, அடியில் யார் கண்ணிலும் படாத மடிப்பிலிருந்து நூலை ஒவ்வோர் இழையாக உருவுவேன். வெளியே வாங்கும் நூல் எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும் வெளிச்சத்தில் காட்டிக் கொடுத்துவிடும். அதே துணியின் நூல் என்றால் காட்டாது. அதைக்கொண்டு ஓட்டையைக் குறுக்கும் நெடுக்குமாக நெய்து, ஈரத்துணி போட்டு இஸ்திரி செய்தால் முடிந்தது.

இந்த வேலையில் ஒரே ஒரு சங்கடம். நன்றாகச் செய்தால் மறுபடி கூப்பிட மாட்டார்கள். செய்த இடமே தெரியாதபோது செய்தவன் ஞாபகம் எதற்கு வரப்போகிறது? இருபத்தாறு வருடங்களாக ஊரில் உள்ள கூடங்களையெல்லாம் பார்த்துவிட்டேன். ஒரே ஒரு வீட்டைத் தவிர எதையும் இரண்டாம் முறை பார்த்ததில்லை. ஒரு வீட்டில் நான் சோபாவுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருக்கும்போதே விளக்கை அணைத்துவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு சினிமாவுக்குப் போய்விட்டார்கள். நான் குறை சொல்லவில்லை. சத்தமில்லாத வேலை, அவ்வளவுதான். அவர்கள் திரும்பி வரும்வரை இருட்டில் உட்கார்ந்திருந்தேன்.

டயர் கடைக்கு மேலே ஓர் அறையில் இருக்கிறேன். அறையில் ஒரு நாற்காலி. இன்னொன்று வாங்கலாமா என்று யோசித்ததுண்டு. யார் வந்து உட்காரப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

சர்வேயர் வீட்டுக்கு முதன்முதலில் போனது மூன்று வருடங்களுக்கு முன்பு. மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பெரியவர் நிலம் அளந்து ஓய்வு பெற்றவர். மகள் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பில் வேலை பார்த்தாள். வியாழக்கிழமை மட்டும் பகலில் வீட்டில் இருப்பாள், மாலை ஐந்துக்குத்தான் டியூட்டி. அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன், உங்களிடமும் அப்படியே சொல்கிறேன். கதவைத் திறந்ததும் அவள் சொன்னாள்:

"வாங்கண்ணே. ஓட்டை போட்ட குற்றவாளி உள்ளதான் உட்கார்ந்திருக்கார்."

"நான் குற்றவாளி இல்ல," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "சிகரெட் பிடிச்சது நான். ஓட்டை போட்டது தூக்கம். ரெண்டு பேருக்கும் தனித்தனியா தண்டனை குடு."

"கேட்டீங்களா? வக்கீலுக்குப் படிச்சிருக்க வேண்டிய மனுஷன். காடு மேடெல்லாம் அளந்துட்டு வந்து இப்ப என் உயிரை வாங்கறார்."

நான் வேலையில் இருந்தபோது டீ போட்டாள். சர்க்கரை எவ்வளவு என்று கேட்டாள். ஒன்றரை என்றேன். இரண்டு மாதம் கழித்து இரண்டாவது ஓட்டைக்காக என்னைக் கூப்பிட்டபோது அவள் கேட்கவில்லை. குடித்துப் பார்த்தேன். ஒன்றரைதான்.

இதைச் சாதாரண விஷயம் என்று நீங்கள் நினைக்கலாம். எழுதிக்கொள்ள வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

இரண்டு வருடத்தில் பெரியவர் சோபாவில் பதினோரு ஓட்டை போட்டார். பதினொன்றும் வலது கைப்பக்கம். தையல் மேல் ஒன்று, மடிப்புக்குள் ஒன்று, பொத்தான் பக்கத்தில் ஒன்று என்று கை எங்கே விழுந்ததோ அங்கே. தையல் மேல் விழுந்த ஓட்டையை மூடுவது கண்ணைப் பிடுங்கும் வேலை. நான் முணுமுணுத்ததே இல்லை. படியில் என் காலடிச் சத்தம் கேட்டதும், "நம்ம ஓட்டைக்காரர் வந்துட்டார்," என்பார். நம்ம என்றுதான் சொல்வார். நான் தைப்பேன், அவர் பேசுவார், அவள் சமையலறையிலிருந்தே இருவரையும் கிண்டல் செய்வாள். அவர் முதுகு வலிக்கிறது என்று சொன்னதும், அவருடைய கைவைத்த நாற்காலியின் சாய்மானத்தில் இருந்த ஃபோமை எடுத்துவிட்டுப் பஞ்சு வைத்துக் கொடுத்தேன். யாரும் கேட்டுச் செய்த வேலை இல்லை அது.

பிறகு பெரியவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. டாக்டர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அவரும் மறுநாளே விட்டுவிட்டார். நாற்பது வருடப் பழக்கத்தைத் தூக்கியெறிந்த மனிதர் சார் அவர். அந்த விஷயத்தில் எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை உண்டு.

நாலு மாதம் போன் வரவில்லை. வியாழக்கிழமைகளில் அந்தத் தெரு வழியாகப் போய் வந்தேன். மூன்றாவது மாடி ஜன்னலில் துணி காயும். ஒருநாள் அவளுடைய பச்சைத் துண்டு, ஒருநாள் அவருடைய வேட்டி. ஐந்தாவது மாதம் மேலே ஏறிப் போனேன். பழைய வேலையெல்லாம் பிரியாமல் இருக்கிறதா என்று பார்க்க வந்தேன் என்றேன்.

"அடடா, உங்களுக்குத்தான் எவ்வளவு அக்கறை," என்றாள் தங்கச்சி. டீ வந்தது. பெரியவர் நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தார். அவள் காய்ந்த துணியை எடுக்க மொட்டை மாடிக்குப் போனாள்.

என் சட்டைப்பையில் ஒரு சிகரெட் இருந்தது. எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. வரும் வழியில் கடையில் ஒன்று வாங்கியிருந்தேன். பற்றவைத்து, சோபாவின் நடு இருக்கையில் ஏழு எண்ணும்வரை அழுத்திவிட்டு, சிகரெட் துண்டை இருக்கையின் இடுக்கில் போட்டேன். அதன்மேல் தலையணையைச் சாய்த்து வைத்தேன். ஜன்னலைத் திறந்துவிட்டேன். அவள் துணியோடு இறங்கி வந்தபோது நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாளே போன் வந்தது. "அண்ணே, மறுபடியும் ஆரம்பிச்சுட்டார். எனக்குத் தெரியாம பிடிக்கிறார்."

சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது. ஒளிக்க என்ன இருக்கிறது.

இரண்டாவது, மூன்றாவது என்று நடந்தபோது நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அவள் அவரைத் திட்டுவாள், அவர் கிண்டலாக ஏதாவது சொல்வார், பழையபடி வீடு கலகலப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அவர் கிண்டல் செய்யவில்லை. "சத்தியமா நான் தொடலம்மா," என்றார். அவள் இடுக்கிலிருந்து எடுத்த துண்டைக் காட்டினாள். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நான்தான் பிடிச்சிருக்கேன் போல," என்றார் மெதுவாக. "ஞாபகம் இல்ல."

அவருக்கு மறதி வந்துவிட்டது என்று அவள் முடிவு செய்தாள். தீப்பெட்டியைப் பூட்டி வைத்தாள். சட்டைப்பைகளைத் தையல் போட்டு மூடினாள். பெரியவர் ஒரு நோட்டு வாங்கி வரச் சொல்லி, மணிக்கொரு தரம் எழுத ஆரம்பித்தார். பத்து மணி, பிடிக்கவில்லை. பதினோரு மணி, பிடிக்கவில்லை. நோட்டின் பின்பக்கத்தில் ஸ்கேல் வைத்து சோபாவின் படம் வரைந்து, புது ஓட்டை ஒவ்வொன்றையும் டேப் வைத்து அளந்து குறித்துக்கொண்டார்.

"என்னப்பா, சோபாவுக்கும் பட்டா எழுதறீங்களா?" என்று சிரிக்கப் பார்த்தாள் தங்கச்சி. சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் வெகுநேரம் ஓடியது.

எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. "திட்டாதம்மா, வயசானவர்," என்று நான்தான் அவளுக்குச் சொல்வேன். நான் இல்லாவிட்டால் அந்த நேரத்தில் அவளுக்கு ஆறுதல் சொல்ல யாரும் இருந்திருக்க மாட்டார்கள். அம்மா இல்லை, கூடப்பிறந்தவர்கள் இல்லை. அழுது முடித்துவிட்டு, "உங்ககிட்டதாண்ணே சொல்ல முடியுது," என்பாள்.

டியூட்டிக்குப் போகும்போது அவரை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டுப் போகலாமா என்று கேட்டாள். நல்லது என்று நான் சொல்லவில்லை. உன் இஷ்டம் என்றேன். வெளிப்பக்கம் வைக்கத் தாழ்ப்பாள் வாங்கி வந்திருந்தாள். அவளுக்குத் திருகாணி சரியாக இறங்கவில்லை. நான் பொருத்திக் கொடுத்தேன்.

ஐந்தாவது ஓட்டைக்கு உருவியதோடு சோபாவின் அடியில் நூல் தீர்ந்துபோனது. கவிழ்த்துப் பார்த்தால் அடிமடிப்பெல்லாம் வெறும் வலையாக நின்றது. பெரியவர் ஓட்டைக்குப் பதினொன்று, என் ஓட்டைக்கு ஐந்து, பதினாறு ஓட்டைக்கு அந்தச் சோபா தன்னிடமிருந்தே கொடுத்திருந்தது. இனி ஓர் ஓட்டை விழுந்தால் என்னால் மூட முடியாது. மூட முடியாத ஓட்டையைப் போடுகிறவன் நான் இல்லை. அதனால்தான் பெரியவரின் நாற்காலிக்கு மாறினேன். அதே துணி. அதன் அடியில் இன்னும் கை படவில்லை.

அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

இரண்டரைக்குப் போனேன். ஐந்தாவது ஓட்டையில் கொஞ்சம் வேலை பாக்கி இருந்தது. பல் மருத்துவர் வழக்கத்தைவிட முன்னதாகவே வரச் சொல்லிவிட்டார் என்று தங்கச்சி மூன்று மணிக்கே கிளம்பினாள். "அண்ணே, அப்பா மாத்திரை போட்டுட்டாருன்னா நாலு மணிக்குத் தூங்கிடுவார். நீங்க போறப்ப வெளித்தாழ்ப்பாள் போட்டுடுங்க. நான் ஏழரைக்கு வந்துடுவேன்."

அவள் படி இறங்கியதும் பெரியவர் பாத்ரூமுக்குப் போனார். அவருக்கு ஐந்து நிமிடம் ஆகும், எனக்குத் தெரியும். நாற்காலியின் சாய்மானத்தில், பின்பக்கம், துணி சமமாக இருக்கும் இடத்தில் சிகரெட்டை வைத்தேன். ஏழு எண்ணினேன். சோபாவில் ஃபோம். நெருப்புப் பட்டதும் உருகிச் சுருங்கி அதுவே அணைந்துவிடும். நாற்காலியில் நானே வைத்த பஞ்சு இருந்தது. பஞ்சு உள்ளுக்குள்ளேயே கனலும். இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம், மேலே ஒன்றும் தெரியாது, அப்புறம் ஒரே மூச்சில் பிடித்துக்கொள்ளும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் யாரும் இல்லை, பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். பஞ்சில் சூடு பட்டால் கருகியதைச் சுற்றி ஒரு கைப்பிடி அளவு வெட்டி எடுத்துத் தண்ணீரில் போட்டுவிட வேண்டும். அவர் தூங்கியதும் எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

அவர் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். தூங்கவில்லை. நோட்டை எடுத்து மடியில் விரித்தார்.

"ஓட்டைக்காரரே, இங்க வாங்க. ஒரு கணக்கு சரியா வரல."

போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"நான் போட்ட ஓட்டை எல்லாம் வலது கைப்பக்கம். தையல் மேலயும் மடிப்புலயும்தான் விழுந்திருக்கு. இந்த அஞ்சு மட்டும் நடுவுல. ஒவ்வொண்ணும் தையல்லேர்ந்து ஆறு அங்குலத்துக்குக் குறையல. தூங்கறவன் கை இப்படி அளவு பார்த்து விழாது." டேப்பைச் சுருட்டி வைத்தார். "தைக்கறவனுக்கு வசதியான இடமா பார்த்து விழுந்திருக்கு."

தப்பு என்னுடையதுதான். துணியைப் பார்த்தால் எங்கே சுலபமாக மூடலாம் என்றுதான் என் கண் தேடும். ஓட்டை போடும்போதும் அதே கண்தான். வேறு யாராவது போட்டிருந்தால் மாட்டியிருக்க மாட்டார்.

அவர் கோபப்படவில்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

"மூணு மாசமா எனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கேன்யா. என் பொண்ணு பாத்ரூம்ல போய் அழறா. எதுக்குய்யா?"

"சும்மா வர முடியாதுங்களே," என்றேன். அதுதான் வாயில் வந்தது.

"சும்மா வந்தா யாரு வேணாம்னா?" என்றார். "வந்து உட்கார்ந்துட்டு, டீயைக் குடிச்சுட்டுப் போறதுக்கு ஓட்டை எதுக்கு? ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே கூப்பிட்டிருப்பேனே."

அந்த வார்த்தையைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன் சார். அவர் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். ஓட்டை எதுவும் போடாமலேயே எனக்கு அந்த வீட்டில் இடம் இருந்தது என்று, எல்லாம் முடிந்த பிறகு ஒருவர் சொன்னால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

"அவ வந்ததும் சொல்லிடணும்," என்றார். "நீயே சொல்லிடு. நான் பக்கத்துல இருக்கேன். கோபப்படுவா, அப்புறம் சரியாயிடுவா. எனக்கு மறதி இல்லைன்னு அவளுக்குத் தெரியணும்யா. அது எனக்கு ரொம்ப முக்கியம்."

சரி என்றேன். மாத்திரை போட்டுக்கொண்டார். தண்ணீர் நான்தான் எடுத்துக் கொடுத்தேன். பேசிக்கொண்டே இருந்தவர் நாலு மணிக்கு அப்படியே தூங்கிப்போனார்.

நான் சோபாவில் பாக்கி வேலையை முடித்தேன். ஆறு இழைதான் மிச்சம் இருந்தது. நிதானமாகவே செய்தேன். இஸ்திரி போட்டேன். நல்ல வேலை. சோபா பாதிதான் எரிந்திருக்கிறது, போய்ப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

பிறகு நாற்காலியின் பின்பக்கம் கையை வைத்துப் பார்த்தேன். கதகதவென்று இருந்தது. கத்தரி என் இடது கையில் இருந்தது. மேஜைமேல் செம்பு நிறையத் தண்ணீர் இருந்தது. இரண்டு நிமிட வேலை.

கத்தரியைப் பையில் போட்டேன். அவர் மடியிலிருந்த நோட்டையும் மெதுவாக எடுத்துப் பையில் போட்டேன். எவ்வளவு கவனமாக எழுதியிருந்தார், அங்கேயே விட்டிருந்தால் எரிந்துபோயிருக்கும். பிறகு வெளியே வந்து, தங்கச்சி சொன்னபடி தாழ்ப்பாளைப் போட்டேன். அப்போது மணி நாலே முக்கால்.

ஏழரைக்கு அவள் தெருமுனைக்கு வந்தபோது மூன்றாவது மாடி ஜன்னலில் புகை வந்துகொண்டிருந்ததாம்.

மற்றது உங்கள் ஃபைலில் இருக்கிறது. மறதிக்காரப் பெரியவர், ஒளித்து வைத்த சிகரெட், விபத்து. யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டது நான்தான். வந்தவர்களிடமெல்லாம் அவள் ஒரே வார்த்தையைத்தான் சொன்னாள்: "நான்தான் பூட்டச் சொன்னேன்." என் கையைப் பிடித்துக்கொண்டும் சொன்னாள். "உங்க மேல தப்பில்லண்ணே, நான்தான் பூட்டச் சொன்னேன்."

இரண்டு வாரம் தினமும் போனேன். மூன்றாவது வாரம் வீடு பூட்டியிருந்தது. வேலையை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள், பெண்கள் விடுதியில் தங்கியிருக்கிறாள் என்று கீழ்வீட்டில் சொன்னார்கள். எந்த ஊர் என்று அவர்களுக்குத் தெரியவில்லை, அல்லது சொல்ல விரும்பவில்லை. போனை மாற்றிவிட்டாள். நாலு மாதம் தேடினேன்.

அதற்குப் பிறகுதான் நானாக இங்கே வந்தேன். அவள் தன்மேல் பழியைப் போட்டுக்கொண்டு காலம் முழுக்க வேகக்கூடாது. அவளுடைய அப்பாவுக்கு மறதி இல்லை என்று அவளுக்குத் தெரிய வேண்டும். பெரியவரிடம் சரி என்று சொல்லியிருக்கிறேன், சொன்ன வார்த்தை என்று ஒன்று இருக்கிறதல்லவா. நோட்டு பையில் பத்திரமாக இருக்கிறது, அவளிடம் கொடுத்துவிடுங்கள். இல்லை, சாட்சியத்துக்கு வேண்டும் என்றால் வைத்துக்கொள்ளுங்கள், அவள் வந்து அடையாளம் காட்டட்டும்.

காலையில் நீங்கள் ஏற்பாடு செய்த வக்கீல் வந்திருந்தார். சின்ன வயசு, நல்ல மாதிரி. வாயைத் திறக்காதீர்கள் என்றார். அவரிடம் ஒரே ஒரு சந்தேகம்தான் கேட்டேன். கோர்ட்டில் நான் ஒப்புக்கொண்டால் என்ன ஆகும் என்று. பெரும்பாலும் சீக்கிரம் முடிந்துவிடும், சாட்சி விசாரணைக்கே வேலை இருக்காது என்றார். மறுத்தால் என்றேன். இழுக்கும் என்றார், நாலு வருடமோ ஐந்து வருடமோ. இறந்தவரின் மகள்தான் முக்கிய சாட்சி. எங்கே இருந்தாலும் சம்மன் போகும், எத்தனை வாய்தா என்றாலும் அவள் வந்துதான் ஆக வேண்டுமாம்.

அதனால் சார், எழுதியதைக் கொடுங்கள், ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போடுகிறேன். நான் சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் கோர்ட்டில் போய் எதுவும் நான் செய்யவில்லை என்பேன், நீங்கள் தவறாக எடுத்துக்கொள்ளக்கூடாது. கூப்பிட ஆள் இல்லாமல் ஒரு விடுதியில் தனியாகக் கிடக்கிறாள். அவளுக்கும் என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?